மூலையில் நூல் தைத்த அட்டை

1

இந்தக் கதை என்னுடையதல்ல. என் தங்கையுடையது. நான் எடுத்தேன் என்பதைவிட அவளே கொண்டுவந்து என் மடியில் போட்டாள் என்பதுதான் சரி. போன வாரம் ஒரு காலையில் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"அக்கா, அந்த ஆஸ்பத்திரியிலேருந்து மெயில் வந்திருக்கு. திரும்ப வரச் சொல்றாங்க. ஒரு வருஷத்துக்கு."

"போயேன்."

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது? நீ இதைக் கதையா எழுது. முடிவுல நான் போனா போறேன், போகலைன்னா இல்ல. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

மாப்பிள்ளை பார்த்தபோதுகூட என் பேச்சைக் கேட்காதவள். (இந்த வரியை வெட்டச் சொன்னாள். வெட்டவில்லை.)

2

தொடக்கம், முதல் முயற்சி: கடல் கடந்து வந்திறங்கிய அவள் கண்களில் ஆயிரம் கனவுகள்...

இரண்டாவது: மழை விடாமல் பெய்துகொண்டிருந்த அந்த...

"மழையா? ஒரே தூசி அங்க," என்றாள், என் தோளுக்குப் பின்னாலிருந்து.

சரி, தூசி. கம்ப்யூட்டர் கம்பெனியில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவள், மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு, தன்னார்வலராக ஓர் ஏழை நாட்டின் சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனாள். இரண்டு வார்டு, ஒரு டாக்டர், ஒரு பதிவறை. பதிவறையின் மர இழுப்பறைகளில் ஏழாயிரம் நோயாளிகளின் அட்டைகள். அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதுதான் அவள் வேலை. அட்டைகளைப் பார்த்துக்கொண்டவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. தங்கை அவருக்கு வைத்த பெயர் அட்டைக்காரம்மா.

(அட்டைக்காரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. இருவரும் பாதி ஆங்கிலத்திலும் மீதி கை ஜாடையிலும் பேசிக்கொண்டார்கள். இந்தக் கதையில் அவர் பேசும் தமிழ் நான் கொடுத்தது.)

3

அந்த ஊரில் பிறந்த தேதி தெரியாதவர்களே அதிகம். அப்படி வருகிறவர்களுக்கெல்லாம் ஜனவரி ஒன்று என்று எழுதிவிடுவார்கள், வருடம் குத்துமதிப்பாக. பெயர்களும் பத்துப் பதினைந்துதான் திரும்பத் திரும்ப வரும். அதனால் ஒரே பெயர், ஒரே தேதி என்று அட்டைகள் சேர்ந்துவிட்டால், அட்டைக்காரம்மா ஒவ்வொன்றின் மூலையிலும் வேறு வேறு நிறத்தில் நூல் தைத்துவிடுவார். ஜன்னலில் ஆளைப் பார்த்ததுமே அவருக்கு நிறம் தெரிந்துவிடும்.

தங்கை அதை அலங்காரம் என்று நினைத்தாள். கம்ப்யூட்டரில் நூலுக்கு இடம் வைக்கவில்லை.

எல்லா அட்டைகளும் ஏறிய பிறகு, பெயர், தேதி, ஊர் மூன்றும் ஒத்துப்போன நானூற்றுப் பன்னிரண்டு ஜோடிகள் அவள் திரையில் வந்து நின்றன.

"அதெல்லாம் ரெண்டு ரெண்டு பேரும்மா," என்றார் அட்டைக்காரம்மா.

"இல்லம்மா, ஒரே ஆளு ரெண்டு தடவை பதிஞ்சிருக்காங்க. எல்லா ஊர்லயும் நடக்கறதுதான்."

ஒன்பது வருட அனுபவம் பேசியது. பொத்தானை அழுத்தினாள். ஜோடிகள் எல்லாம் ஒன்றாகிவிட்டன.

4

பத்து நாள் கழித்து, காய்ச்சலோடு ஓர் இளம் தாய் வந்தாள். இழுப்பறையில் கிடந்த அவளுடைய அட்டையில் சிவப்பு நூலும், குறிப்பிட்ட ஓர் ஊசி ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பும் இருந்தன. திரையில் அந்தக் குறிப்பு இல்லை. அவள் பெயரே கொண்ட பச்சை நூல்காரியின் பதிவுதான் பிந்தியது என்பதால், கம்ப்யூட்டர் அதை மட்டும் வைத்துக்கொண்டிருந்தது. டாக்டர் திரையைப் பார்த்தார்.

அட்டைக்காரம்மா ஓடிவந்து ஊசியைத் தட்டிவிட்டார்.

இப்படி எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

"பொய்," என்றாள் தங்கை. "ஊசி போட்டாச்சு. முகமெல்லாம் வீங்கி, மூச்சு விட முடியாம, ரெண்டு நாள் ஆக்ஸிஜன்ல இருந்தா. அவ குழந்தைய நான்தான் வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அது என் விரலைப் பிடிச்சுக்கிட்டே தூங்குச்சுக்கா."

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். அதை நான் இட்டுக்கட்ட வேண்டியிருக்கவில்லை, அப்படித்தான் நடந்தது. ஆனாலும் எழுதும்போது என் தங்கைமேல் கோபம் வந்தது. அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

5

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். அட்டைக்காரம்மா ரொம்ப நல்லவராக வந்துகொண்டிருக்கிறாரோ?

"தெய்வமாக்கிடாத. மத்தியானம் ஒரு மணிக்கு யார் நின்னாலும் ஜன்னலைச் சாத்திட்டுத் தூங்குவாங்க. அந்த ஊசிக்கப்புறம் எங்கிட்ட ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசல."

மூன்றாம் நாள் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். முதல் இழுப்பறையைத் திறந்து, ஓர் அட்டையை எடுத்தார்.

"சிவப்பு," என்றார்.

தங்கை கம்ப்யூட்டரில் அடித்தாள்.

பத்தொன்பது நாள். சிவப்பு, பச்சை, நீலம், நூல் இல்லை. ஜோடிகள் எல்லாம் மறுபடி இரண்டிரண்டு பேராகப் பிரிந்தார்கள். "மன்னிச்சிடுங்க" என்று சொல்ல அவள் தினமும் வாயெடுத்தாள். தினமும் அவர் அடுத்த அட்டையை எடுத்துவிட்டார்.

6

கிளம்பும் நாளில் அட்டைக்காரம்மா ஒரு புது அட்டையை நீட்டினார். அதில் தங்கையின் பெயர். பிறந்த தேதி, ஜனவரி ஒன்று.

"நான் ஆகஸ்ட்ல பொறந்தவம்மா."

"இங்க ஜனவரி ஒண்ணுதான்."

மூலையில் மஞ்சள் நூல் தைத்திருந்தது.

"நீ மறுபடி வந்தா, வேற யாரோன்னு நினைச்சிடக் கூடாது பாரு."

அந்த ஊரில் என் தங்கையின் பெயர் வேறு யாருக்கும் கிடையாது. நூலுக்குத் தேவையே இல்லை.

(இந்த இடத்தில் ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அழுகிறவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வர்ணனை எழுத முடியவில்லை.)

7

முடிவு, முதல் வகை: அவள் போகிறாள். ஜன்னலுக்குப் பின்னால் அட்டைக்காரம்மா நிமிர்ந்து பார்த்து, "மஞ்சள்" என்கிறார்.

இரண்டாம் வகை: அவள் போகவில்லை. தெரிந்த வேறு ஒருத்தரை அனுப்பிவைக்கிறாள். அவரிடம் ஒரே ஒரு புத்தி சொல்கிறாள்: அந்தம்மா ரெண்டு பேருன்னு சொன்னா ரெண்டு பேருதான்.

இரண்டுமே நன்றாக வந்தன. அதுதான் பயமாக இருந்தது. எனக்கு வாக்கியம் நன்றாக வந்தது என்பதற்காக அவள் விமானம் ஏறிவிடக் கூடாது. ஏறாமலும் இருந்துவிடக் கூடாது. ஆள் சொல்வதைக் கேட்காமல் பொத்தானை அழுத்துகிற வேலையைக் குடும்பத்தில் ஒருத்தி செய்தது போதும்.

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் தாள்களை அவளிடம் கொடுத்தேன். கடைசிவரை படித்துவிட்டு, "முடிவு எங்க?" என்றாள்.

"நீ எப்ப என் பேச்சைக் கேட்ட?"

முறைத்தாள். பிறகு பாஸ்போர்ட்டுக்குள்ளிருந்து அந்த அட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள்.

8

தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அரை மணி நேரமாயிற்று. வரமாட்டேன் என்று சொல்ல இவ்வளவு எழுத வேண்டியதில்லை. வருகிறேன் என்று சொல்லவும் வேண்டியதில்லை. பத்தொன்பது நாள் வாய்வரை வந்த ஒன்றை இப்போதுதான் சொல்கிறாள் போலிருக்கிறது.

அந்த மன்னிப்புக்குக் கீழே என்ன எழுதப்போகிறாளோ, தெரியாது. கதவு ஒருக்களித்துத்தான் இருக்கிறது. நீங்கள் வேண்டுமானால் எட்டிப் பாருங்கள். நான் பார்க்கமாட்டேன். பார்த்தால் எழுதிவிடுவேன்.