வெள்ளைன்னா வெள்ளை

சின்னச் சலவை மெஷினின் கதவைத் திறந்ததும் சூட்டு ஆவி முகத்தில் அடித்தது. அவள் முகத்தைத் திருப்பவில்லை. உள்ளே கிடந்த தலையணை உறைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெள்ளையாகப் போனவை எல்லாம் இளம் பச்சையாகச் சுருண்டு கிடந்தன. முழங்கை வரை கையை விட்டுத் துழாவி மகளின் சீருடையை வெளியே இழுத்தாள். அதுவும் பச்சை. அதன் கைமடிப்புக்குள், ஆபரேஷன் தியேட்டர்க்காரர்கள் தலையில் கட்டுகிற பச்சைப் புதுத்துணி ஒன்று ஒன்றுமறியாததுபோல் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு நுரை என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சோப்புத்தூளை வஞ்சகமில்லாமல் அள்ளிக் கொட்டி, நுரை பொங்கி வாசல் தாண்டி நடைபாதைக்குப் போய்விட்டது. அன்றைக்கு ஒட்டிய பெயர். அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் அவள் கையால் ஒரு துணி கெட்டதில்லை. இன்றைக்குத்தான் கெட வேண்டுமா?

பாய்லரைப் பார்த்துக்கொள்கிறவர் எட்டிப் பார்த்தார். சீருடையையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன நுரை, உன் பொண்ணு நர்ஸுக்குப் படிக்குதா, தோட்ட வேலைக்குப் படிக்குதா?"

அவள் அந்தப் புதுத்துணியைப் பிய்த்தெடுத்துத் தரையில் எறிந்தாள்.

எல்லாம் வீட்டுக் குழாய்த் தண்ணீரால் வந்த வினை. மஞ்சளாக வரும் தண்ணீர். எவ்வளவு கசக்கினாலும் வெள்ளைத்துணி நாளாக ஆகப் பழுப்பேறிவிடும். போன வாரம் மகளை வரிசையிலிருந்து வெளியே இழுத்து நிறுத்தி, இது டீ வடிகட்டின துணி என்றிருக்கிறார் நர்ஸிங் கல்லூரி டீச்சரம்மா. கையில் எப்போதும் ஒரு மர ஸ்கேல் இருக்கும். பாவாடை விளிம்பு முழங்காலுக்குக் கீழே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அதால்தான் அளப்பார். பிள்ளைகள் அவருக்கு அடிஸ்கேல் என்று பெயர் வைத்திருந்தார்கள். "வெள்ளைன்னா வெள்ளை. இன்னொரு தடவை இப்படி வந்தா வாசலோட திரும்பிப் போயிடு" என்று அடிஸ்கேல் சொன்னதை மகள் வீட்டில் நடித்துக் காட்டிச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் அழுதாள்.

இன்றைக்கு வார்டில் பரீட்சை. வரிசையில் நிற்கும்போது யாரை வெளியே நிறுத்துகிறார்களோ அவர்கள் நோயாளி பக்கம் போக முடியாது. போகாவிட்டால் வருஷம் போச்சு, அடுத்த வருஷம் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மறுபடியும் முதலிலிருந்து. மகளிடம் இருப்பது இரண்டே சீருடை. ஒன்றில் நெஞ்சுக்கு நேரே மருந்துக்கறை பட்டு, அதைப் போட்டுக்கொண்டு வரவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மிச்சம் இதுதான். ஆஸ்பத்திரி மெஷினில் சொந்தத் துணி போடக்கூடாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. சூப்பர்வைசர் வருவதற்குள் நல்ல தண்ணீரில் ஒரே ஒரு தரம் அலசி எடுத்துவிடலாம் என்றுதான் விடிவதற்கு முன்பே தலையணை உறைகளோடு சேர்த்து உள்ளே தள்ளினாள். உறைகளுக்குள் வேறு துணி ஏதாவது கலந்திருக்கிறதா என்று பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

பின்வாசலில் மகள் வந்து நின்றாள். கொண்டை இறுக்கி வலை போட்டாயிற்று. காதில் மூக்கில் ஒரு பொட்டுகூட இல்லை. ஷூவுக்குச் சுண்ணக்கட்டி தேய்த்து வெளேரென்று வைத்திருந்தாள். உடம்பில் மட்டும் வீட்டில் போடும் பழைய சுடிதார்.

"குடும்மா, மாத்திக்கறேன்."

தாய் சீருடையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். மறைத்து என்ன செய்ய? அடுத்த நிமிஷமே முன்னால் நீட்டினாள். மகள் அதைத் தொடக்கூட இல்லை. சுவரோரம் இருந்த மூட்டையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அழாதே. அழுதா மூஞ்சி வீங்கும், அதையும் அந்தம்மா ஸ்கேல் வச்சு அளக்கும்" என்றாள் இஸ்திரி போடுகிற அக்கா. மகளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் நின்றுவிட்டது.

அதற்குள் நுரை வாளியை இழுத்து வெந்நீர் பிடித்து, பிளீச்சிங் பவுடரைக் கரைத்துவிட்டாள். நெடி கண்ணைக் கரித்தது. கையுறை கேட்டு மாசக்கணக்காகிறது. மூலையில் கிடந்த பழைய ஜோடியில் விரல் நுனிகள் கிழிந்திருந்தன. அதைப் போட்டால் மருந்துத் தண்ணீர் உள்ளே போய்த் தங்கிவிடும், போடாமலிருப்பதே மேல். வெறுங்கையை விட்டுச் சீருடையை அமுக்கினாள். மகள் எழுந்து வந்து தானும் கையை நீட்டினாள்.

"தள்ளிப் போ. உன் கையையும் பார்ப்பாங்கல்ல?"

மகள் கையை இழுத்துக்கொண்டாள்.

முதல் தண்ணீரில் பாதிப் பச்சை போயிற்று. இரண்டாவது வாளி கரைத்தாள். விரல் இடுக்கில் நெருப்பு வைத்ததுபோல் எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு புரட்டிக்கொண்டே இருந்தாள். பாய்லர் அண்ணன் இப்போது கிண்டல் பண்ணவில்லை. கேட்காமலே இஸ்திரிக்கு ஆவியைக் கூட்டிவிட்டு, சூப்பர்வைசர் வருகிறாரா என்று வாசலில் போய் நின்றுகொண்டார்.

அலசிப் பிழிந்து வெளிச்சத்தில் விரித்தபோது துணி வெள்ளையாக இருந்தது. ஆனால் கழுத்துப்பட்டியைச் சுற்றிப் போன தையல் நூல் பச்சையை விடவில்லை. வெள்ளையில் கோடு போட்டதுபோல் தெரிந்தது. இஸ்திரி அக்கா பெட்டியை வைத்து அழுத்திக்கொண்டே உதட்டைப் பிதுக்கினாள். நூலைப் பிரித்துத் தைக்க நேரம் ஏது? இன்னொரு வாளி போட்டால் துணியே நைந்துவிடும்.

மகள்தான் பையைத் துழாவி ஷூவுக்குத் தேய்க்கும் சுண்ணக்கட்டியை எடுத்தாள். தாய் அதை வாங்கி, நுனியை எச்சிலில் நனைத்து, தையல்மேல் மெல்ல இழுத்துக்கொண்டே போனாள். பச்சை மறைந்தது. மகள் அதை வாங்கி மாட்டிக்கொண்டு வந்தாள்.

"ஈரம் இருக்கும்மா, கக்கத்துல சில்லுன்னு இருக்கு."

"உடம்புச் சூட்டுல காஞ்சிடும். கழுத்தை மட்டும் திருப்பாதே. யாரு கூப்பிட்டாலும் உடம்போட திரும்பு, தலையில வெண்ணெய்ப் பானை தூக்கிட்டுப் போற மாதிரி."

மகள் முன்பக்கமாக ஓடினாள். தாய்க்கு இருப்புக்கொள்ளவில்லை. வார்டுக்குப் போகவேண்டிய விரிப்புகளை வண்டியில் அடுக்கினாள். பச்சை பிடித்த உறைகளையும் மேலே வைத்தாள். அவற்றுக்கு யாரும் இன்னொரு வாளி கரைக்கச் சொல்லப் போவதில்லை. படுத்திருப்பவன் தலைக்கு அடியில் என்ன நிறம் இருக்கிறதென்று யார் பார்க்கிறார்கள்?

நடைபாதையில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். அடிஸ்கேல் ஒவ்வொருத்தியாகக் கொண்டையைத் தொட்டு, விளிம்பை அளந்து, ஷூவைக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். வண்டி வருவதைப் பார்த்துக் கையால் ஒதுங்கச் சொன்னார். "ஓரம் போம்மா, டிரஸ்ல பட்டுடப் போகுது." நுரை வண்டியைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினாள். சீருடையில் இருக்கும்போது மாணவிகள் சலவைக்கூடத்தார், துப்புரவுக்காரர்களோடு நின்று பேசக்கூடாது என்று இன்னொரு விதியும் உண்டு. மகள் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. கழுத்துத் திரும்பவே இல்லை.

அடிஸ்கேல் மகளுக்கு முன்னால் வந்து நின்றார். மூக்கை உறிஞ்சினார்.

"என்ன வாசனை இது?"

"பிளீச்சிங் பவுடர், மேடம்."

ஸ்கேலின் நுனி கழுத்துப்பட்டிக்கு அருகில் போயிற்று. நுரை வண்டியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள்.

"நல்லது. சுத்தம்னா இப்படித்தான் மணக்கணும்." ஸ்கேல் கீழே இறங்கியது. "எங்கே, கையைத் திருப்பு. தோல் உரிஞ்சிருந்தா, கீறல் இருந்தா நோயாளியைத் தொடக்கூடாது, தெரியுமில்ல?"

மகள் இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டினாள். ஒரு கீறல் இல்லை. அடிஸ்கேல் தலையசைத்து உள்ளே போகச் சொன்னார்.

நுரைக்கு அப்போதுதான் உயிர் வந்தது. கைப்பிடியை விட்டாள். சிரிப்பு வேறு வந்தது, அடக்கமாட்டாமல். யாராவது பார்த்துவிடப் போகிறார்களென்று தலையைக் குனிந்துகொண்டாள். வரிசை முழுக்க உள்ளே போனபின், வண்டியைத் தள்ளிக்கொண்டு தானும் வார்டுக்குள் போனாள்.

கடைசிக் கட்டிலில் மகள் ஒரு பெரியவரின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்தாள். தாய் அதற்கு முந்தின கட்டிலில் படுத்திருந்தவரின் தலையைத் தாங்கித் தூக்கி, தலையணையை உருவி, பச்சை உறை ஒன்றை மாட்டினாள். விரல் நுனிகளில் வெள்ளையாக உரிந்து நின்ற தோல், துணியின் இழையில் சிக்கிச் சிக்கி வந்தது.