தேய்க்காத கல்

நெடுந்தீவுச் சேமக்காலைக்கு, ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு, ஜெனீற்றா ஒரு பெயர்க்கல்லோடு வந்திருந்தாள். மறுநாள் ஆத்துமாக்கள் திருநாள். விடியப் பாதர் கல்லறைகளை மந்திரிக்க வந்துவிடுவார். அதற்குள் கல்லைத் தாயின் தலைமாட்டில் நட்டாக வேண்டும். தாய் இறந்தது தொண்ணூறில். தகப்பன் அவசரத்துக்குக் கடற்கரையில் கிடந்த ஒரு முருகைக்கல்லை நட்டுவிட்டு, கைக்குழந்தையான இவளோடு வன்னிக்கு இடம்பெயர்ந்தவர். "மேற்கு மதிலோரம்" என்பதுதான் அவர் விட்டுப்போன ஒரே முகவரி.

மதிலோரம் பெயரில்லாத முருகைக்கற்கள் இரண்டு நின்றன. ஒன்று உள்ளூர்க் கத்தரீனாவின் தகப்பனுடையதாம். அவள் அதை வருடந்தோறும் கம்பி பிறஸ்ஸால் தேய்த்துச் சுண்ணாம்படித்துப் பளிச்சென்று வைத்திருந்தாள். திருநாளுக்கு முதல் கல்லறை தேய்க்காதவர்களை அந்தத் தீவில் ஒருவரும் மதிக்க மாட்டார்கள். அப்படியானால் மற்றதுதான் தாயின் கல். அதில் சாம்பல் நிறத்தில் வட்டவட்டமாக ஏதோ படர்ந்திருந்தது.

"ஐயோ, தேமல் பிடிச்ச மாதிரியெல்லோ கிடக்கு. உம்மட அம்மான்ரயையும் தேய்ச்சு விடுறன்," என்று கத்தரீனா பிறஸ்ஸோடு வந்தாள்.

"தொடாதேங்கோ அக்கா! அது ஊத்தையில்லை, இலைக்கன்."

ஜெனீற்றா விஞ்ஞான ரீச்சர். வாயைத் திறந்தால் பாடம்தான்.

"ரெண்டு உயிர் சேர்ந்து குடும்பம் நடத்துது. பூஞ்சணம் வீடு கட்டி ஈரத்தைப் பிடிச்சு வைக்கும். பாசி வெயிலில சமைச்சுப் போடும்."

"அப்ப பாசிதான் பெண்சாதி."

"வெறுங்கல்லில முதல் குடிவாறதும் இதுதான் அக்கா. கல்லை அரிச்சு மண்ணாக்கினாப் பிறகுதான் புல்லுப் பூண்டு வரும். ஆனா சரியான மெத்தனம், வருசத்துக்கு ஒரு நூலளவுதான் பரவும்."

சொல்லி முடிக்கவில்லை, அவளுக்கே ஓர் ஆசை கிளம்பிவிட்டது. வட்டத்தை அளந்தால் கல்லின் வயது தெரியுமே! பிள்ளைகள் கனடாவில் இருக்க, தேய்க்க ஆளில்லாமல் கிடந்த பெயர் எழுதிய கல்லறைகளைத் தேடி ஓடினாள். எண்பத்தொன்பதில் நட்ட கல்லில் பெரிய வட்டம் நாலு விரல் அகலம். தொண்ணூற்றொன்றிலும் நாலுதான். இரண்டாயிரத்து மூன்றில் இரண்டு விரல். சின்னப்பிள்ளைபோலத் துள்ளிக்கொண்டு திரும்பிவந்து தாயின் கல்லில் விரல் வைத்தாள்.

இரண்டு விரல்.

பின்பக்கமும் வைத்துப் பார்த்தாள். இரண்டுதான்.

"அக்கா, உங்கட அப்பா எப்ப மோசம் போனவர்?"

"ரெண்டாயிரத்து நாலில. நான் அப்ப மன்னாரில, செத்தவீட்டுக்கு வர ஏலாமப் போச்சு. பிறகு ரெண்டாயிரத்துப் பத்தில வந்து கேக்க, கோயிலில நிண்ட ஒராள் இந்தக் கல்லைக் காட்டினவர்."

ஜெனீற்றா சுண்ணாம்படித்த கல்லைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தாள். விட்டால் நாளைக்குத் தாயின் பெயர் வேறொருவரின் தலைமாட்டில் நிற்கும். "இதுதான் அக்கா உங்கட அப்பான்ர கல். நீங்கள் தேய்ச்சு வந்தது என்ர அம்மான்ர," என்று சொல்லிவிட்டாள்.

கத்தரீனா அப்படியே குந்திவிட்டாள். "பதினைஞ்சு வருசம்... என்ர அப்பா ஒரு மெழுகுதிரி இல்லாமக் கிடந்திட்டாரே!"

ஜெனீற்றாவுக்கும் அழுகை வந்தது. முப்பத்தைந்து வருடமாகத் தாயை அநாதையாக விட்டுவிட்டோம் என்று மனம் வெந்துகொண்டிருந்தவள் அவள்.

"என்ர அம்மாவுக்கு நீங்கள் பதினைஞ்சு வருசம் ஏத்தியிருக்கிறியள் அக்கா."

கத்தரீனா மூக்கைச் சிந்தினாள். பிறஸ்ஸை எடுத்துக்கொண்டு இலைக்கன் படர்ந்த தகப்பனின் கல்லடிக்குப் போனவள் கை ஓங்கியபடி நின்றாள்.

"இதைத் தேய்க்கவோ, விடவோ?"

"விடுங்கோ. இவ்வளவு நாளும் அவரோட இருந்தது அதுதான்."

கத்தரீனா பிறஸ்ஸைக் கீழே போட்டுவிட்டு வந்து, பெயர்க்கல்லின் மறுமுனையைப் பிடித்தாள்.