எட்டாவது ஏ.பி.

அந்த அமெரிக்கப் பள்ளியில் ஒரு ராத்திரித் தூக்கத்தின் விலை ஒரு புள்ளி. ஏ.பி. எனப்படும் கல்லூரித் தரத்துப் பாடம் ஒன்றை எடுத்தால், அதற்கு மட்டும் மதிப்பெண்ணில் ஒரு புள்ளி கூடப் போட்டுத் தருவார்கள். பிள்ளைகள் பேரமே பேசாமல் வரிசையில் நின்று தூக்கத்தை விற்றார்கள். பதினேழு வயது மாரிட் டாலிஃப்சன் இந்த ஆண்டு மூன்று பாடத்துக்கு விற்றிருந்தாள்.

இன்று அடுத்த ஆண்டுப் பாடங்களைக் குறிக்கக் கடைசி நாள். பள்ளி ஆலோசகர் திருமதி ஓகர்லண்டின் மேசைக்கு எதிரே அப்பாவுடன் உட்கார்ந்திருந்தாள். காலையில் சிவப்பு விளக்கில் காரை நிறுத்தியது நினைவிருந்தது. அடுத்து நினைவிருந்தது பின்னாலிருந்த பள்ளிப் பேருந்தின் ஹாரன். பிரேக்கிலிருந்து கால் நழுவி, கார் பாதிச் சாலைக்குள் உருண்டிருந்தது. சாலையில் உறைந்த பனி உருக உப்புத் தூவும் லாரி ஒன்று காரின் மூக்குக்கு ஒரு முழம் முன்னால் கடந்துபோனது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"காலேஜுக்கு நான் ஒரு ஃபாரம் அனுப்பணும்" என்றார் ஓகர்லண்ட். "ஸ்கூல் முடியறதுக்குள்ள மொத்தம் எட்டு ஏ.பி. இருந்தா 'மிகக் கடினம்'ங்கிற கட்டத்துல டிக். இல்லைன்னா 'கடினம்' மட்டும்தான்."

"எட்டுதானா? ஏழரைக்கு முடிச்சுக்குவோமே" என்றார் அப்பா டுவேன். பழைய கார் வியாபாரி. விலை சொன்ன வாய்க்கு நேரே பாதியாவது குறைத்துக் கேட்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"ஏழரைக்கு இங்க கட்டமே இல்லை, மிஸ்டர் டாலிஃப்சன். அடுத்த வருஷத்துக்கு இவ குறிச்சதோட சேர்த்து ஏழு வருது. எட்டாவது இயற்பியல். ஆனா இவளோட மார்க்கைப் பார்த்துட்டு வாத்தியார் வேண்டாம்னு எழுதியிருக்கார். அதை மீறிச் சேர்க்கணும்னா நீங்க கையெழுத்துப் போடணும். போட்டுட்டா வருஷம் முழுக்க விலக முடியாது."

"நான் விக்கிற ஓட்டை வண்டியையே மூணு நாள்ல திருப்பிக்கலாம். உங்க கடை மோசமான கடைம்மா."

ஓகர்லண்ட் சிரிக்காமல் தாளை நகர்த்தினார். டுவேன் பேனாவைத் திறந்தார். இன்னொரு பாடம் என்றால் இன்னொரு மணி நேரம். நாலரை மணி நேரத் தூக்கம் மூன்றரையாகும். மாரிட்டின் மனசுக்குள் அந்த லாரி மறுபடியும் கடந்துபோனது, இந்தத் தடவை அந்த ஒரு முழ இடைவெளியும் இல்லாமல்.

முதல் எழுத்தைப் போட்டுவிட்டு அவர் நிமிர்ந்தார். "நீ ஆசைப்பட்டதாச்சேன்னுதான் போடுறேன், கண்ணு. எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்."

"நானா? நீங்கதானேப்பா வர்ற கஸ்டமர்கிட்ட எல்லாம் எட்டு எட்டுன்னு சொல்றீங்க."

"நீ வீட்டுல அதையே பேசுறே. அதான் சொன்னேன்."

பேனா தாளிலேயே நின்றது. காலையில் நடந்ததை மாரிட் சொன்னால் டிக் போகும். டிக் போனால் கல்லூரி போகும், பிறகு எல்லாமே போகும். சொல்லாவிட்டால் அவர் அடுத்த எழுத்தைப் போட்டுவிடுவார்.

"காலைல சிக்னல்ல தூங்கிட்டேன்பா."

"நின்ன வண்டியிலதானே?"

"நிக்கலை. உருண்டுது. உப்பு லாரி வந்துச்சு."

டுவேனின் முகத்தில் ரத்தமே இல்லை. கையை நீட்டினார். "சாவியக் குடு."

அவள் கொடுத்தாள். அவர் தாளை நாலாகக் கிழித்தார். பேரம் எதுவும் பேசவில்லை. அதுவரை அவர் பயந்து அவள் பார்த்ததில்லை. அது அவளை இன்னும் பயமுறுத்தியது.

"அந்தக் கட்டம்?" என்று ஓகர்லண்டைக் கேட்டாள்.

"ரெண்டாவதுதான், வெறும் 'கடினம்'. பொய் டிக் போட என்னால முடியாதும்மா."

"காலேஜ் கிடைக்குமா?"

"எனக்குத் தெரியாது."

ஓகர்லண்ட் கோப்பைத் திறந்து எழுதினார்: முடித்தது ஒன்று, நடப்பது மூன்று, அடுத்த ஆண்டு மூன்று. ஆக ஏழு. எட்டுக்கு ஒன்று குறை.