ஏலா என்றால் வா

சங்கரன்கோவிலில் என் புருஷன் ராம்சங்கரை 'ஏலே' என்று கூப்பிட ஆள் கிடையாது. அவருக்குப் புளியங்குடிப் பக்கம் எலுமிச்சைத் தோப்பு, தெருவில் வரிசையாக வீடு. கிழவன் கூட 'அண்ணாச்சி' என்றுதான் சொல்லவேண்டும். ஒருமுறை மினி பஸ் கண்டக்டர் வாய் தவறி 'ஏலே, தள்ளி நில்லு' என்று சொல்லிவிட்டு, இவர் விட்ட குத்தில் பல்லைத் துப்பினான். இப்படிப்பட்ட மகாராஜாவைத்தான் என் தம்பி நாதன் கிரேக்கத் தீவுக்குக் கூட்டிப்போனான். எல்லாம் என் நேரம்!

நாதனுக்கு அந்த நாட்டில் கப்பல் பட்டறையில் வேலை. படகைவிட்டு இறங்கும்போதே சிரித்தான்.

"அத்தான், இங்கன எவனாவது 'ஏலா'ன்னு கத்தினா கோவப்படாதீய. 'வா'ன்னு அர்த்தம்."

"வான்னா வான்னு சொல்லட்டும். என்னைய ஏலேன்னா வாயில பல்லு இருக்காது" என்றார் இவர்.

கடற்கரை என்று பேர்தான், ஒரு பிடி மணல் இல்லை. முழுக்கக் கூழாங்கல், செருப்பில்லாமல் கால் வைத்தால் உயிர் போகிறது. பின்னால் செங்குத்தாக ஒரு குன்று. அதன் அடியில் நிழல் பார்த்து நாதன் துண்டை விரித்துப் படுத்தான். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிவிட்டான். நாங்கள் தண்ணீர் ஓரம் நின்றோம்.

குன்றின் உச்சியிலிருந்து பொடிக்கல் உதிர ஆரம்பித்தது. குடை வாடகைக்கு விடும் கிழவர்தான் முதலில் பார்த்தார். நாதனை நோக்கிக் கையை வீசிக்கொண்டு, "ஏலா! ஏலா!" என்று அலறியபடி ஓடிவந்தார். வழியில் நின்ற இவரைத் தோளில் தள்ளிவிட்டார். அவ்வளவுதான்.

"எவனப் பாத்துலே ஏலேங்குத?" இவர் அவர் பனியனைப் பிடித்து இழுத்து மூக்கில் குத்தினார். கிழவர் மல்லாந்து விழுந்தார்.

"விடுங்க! கல்லு விழுது! தம்பியக் கூப்பிடுதாரு!" என்று நான் கத்தினேன். காதில் ஏறவில்லை. கிழவர் எழுந்து மறுபடியும் குன்றைப் பார்த்து ஓடப் போனார். இவர் ஒரு கூழாங்கல்லை எடுத்து அவர் நெற்றியில் அடித்தார். இன்னொரு அடி. கிழவர் முட்டி போட்டபடி, ரத்தம் வாயில் இறங்க, அப்போதும் நாதனிடம் கையை நீட்டி "ஏலா" என்றார்.

நான் ஓடினேன். பாதி வழி போவதற்குள் குன்று இறங்கிவிட்டது.

புழுதிக்குள் என் தம்பியின் ஒரு கை மட்டும் தெரிந்தது. நகம் பிய்ந்து போகக் கல்லைப் புரட்டினேன். பக்கத்தில் யாரோ மூச்சிரைத்தார்கள். பார்த்தால், ஒரு கண்ணை ரத்தம் மூட, அந்தக் கிழவர் தோண்டிக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, தள்ளு. நான் தூக்குதேன்" என்று இவர் குனிந்தார். அடித்த கல் இன்னும் கையில் இருந்தது. கைக்குக் கிடைத்த பாறைத் துண்டைத் தலைக்கு மேல் ஓங்கினேன்.

"ஏலே! அவன் மேல கைய வச்சே, மண்டையப் பொளந்திருவேன். போலே அங்கிட்டு!"

கல்யாணமானதிலிருந்து வாங்க, போங்க தவிர நான் சொன்னதில்லை. இவர் பின்வாங்கினார்.

நானும் கிழவருமாக நாதனை வெளியே இழுத்தோம். முட்டிக்குக் கீழே இரண்டு காலும் கூழாகிவிட்டிருந்தன. வாய்க்குள் விரலை விட்டு மண்ணைத் தோண்டினேன். இருமினான். உயிர் இருந்தது. கிழவர் தன் பனியனைக் கழற்றி அவன் தொடையில் இறுக்கிக் கட்டினார்.

நாதன் கண்ணைத் திறக்காமல் என் கையைத் தேடிப் பிடித்தான்.

"அத்தான் மேல கல்லு கில்லு படலியேக்கா?"

"படல மக்கா" என்றேன். "அவருக்கு ஒரு கீறல் கூட இல்ல."