மூணு எட்டு ஒண்ணு ஏழு

மைக்கின் பொத்தானை அழுத்தியதும் ரேடியோவில் சிவப்பு விளக்கு எரிந்தது. அப்பா தேவதாஸ் இப்படித்தான் பேசுவார் என்பதைத் தவிர மரியகொரெட்டிக்கு வேறெதுவும் தெரியாது.

“அலோ, யாராச்சும் இருக்கீங்களா? நான் கித்தா மரத்தோட மக.”

சொல்லும்போதே கூச்சமாக இருந்தது. இந்த ரேடியோவில் பேசுகிறவர்கள் சொந்தப் பெயர் சொல்லமாட்டார்களாம். முப்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய அப்பாவுக்குக் கித்தா மரம் என்பதைத் தவிர வேறு பெயர் தோன்றவில்லை போலும்.

பதில் இல்லை. பொத்தானை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

எண்பத்தைந்தில் அப்பா ரஹாங் டவுனில் பழசாக வாங்கிய ரேடியோ அது. தோட்டத்து லயத்து வீட்டுக் கூரைக்கு மேல் மூங்கில் நட்டு ஏரியல் கட்டினார். வீட்டில் வாய் திறக்காதவர், சாயங்காலமானால் முகம் தெரியாதவர்களோடு பேச உட்கார்ந்துவிடுவார். அவளுக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல். செனாவாங் ஃபேக்டரியிலிருந்து ஷிப்ட் முடிந்து வந்து, இதை விற்றுத் தொலையுங்கள் என்று இரண்டு முறை சண்டை போட்டிருக்கிறாள்.

இப்போது அவர் கூடத்தில் சவப்பெட்டிக்குள் கிடந்தார். விடியற்காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பெட்ரிசியா அத்தை எட்டிப் பார்த்தாள்.

“என்னாடி இது, இந்த நேரத்துல ரேடியோ?”

“அண்ணனுக்குச் சொல்லணும் அத்த.”

“ஆபிஸ் கிராணி எத்தன தடவ போன் போட்டாரு. ஞாயித்துக்கெழம பாலாக் மரக் கம்பெனியில எவன் எடுப்பான்? மைக்கல் பகாங் பக்கம் எந்த ரோட்டுல மரலோரி ஓட்றானோ. பாதர் நாலு மணிக்கு அடக்கம்னுட்டாரு. கோவிச்சிக்கிட்டு ரெண்டு வருஷமா வராதவன், அப்பன் மொகத்தையாச்சும் பாக்க வேணாமா?”

அத்தை உடைந்து அழுதாள். மரியகொரெட்டியும் அழுதாள். அப்பா கடைசியாகக் கேட்டதே மைக்கலைத்தான். அழுகையிலும் கட்டைவிரல் பொத்தானை விடவில்லை. அது மரத்துப்போன பிறகுதான் எடுத்தாள்.

ஒரே நேரத்தில் ஏழெட்டுக் குரல்கள் வந்து விழுந்தன. அதில் ஒன்று மற்றவற்றை அடக்கியது.

“தங்கச்சி, ரஹாங் ராஜாளி பேசறேன். இப்பதான் வெரல எடுத்த. பத்து நிமிஷமா அமுக்கிப் புடிச்சிருந்தா நாங்க எப்படிப் பேசறது? ஆனா எல்லாத்தையும் கேட்டுட்டோம்லா.”

சாவு வீட்டின் அழுகை, அத்தையின் புலம்பல், குடும்பச் சண்டை எல்லாம் ஊருக்கே கேட்டிருக்கிறது. அவமானத்தில் அவளுக்கு உடம்பு கூசியது.

“அழாதம்மா. மைக்கலோட லோரி மூணு எட்டு ஒண்ணு ஏழுதான?”

கூடப்பிறந்தவளுக்கே நினைவில்லாத எண்.

“உங்களுக்கு எப்படி தெரியும்?”

“கித்தா மரம் தெனமும் கேக்கறதே அது ஒண்ணுதான். மூணு எட்டு ஒண்ணு ஏழு யார் கண்ணுலயாச்சும் பட்டுச்சான்னு கேப்பாரு. யாராச்சும் பாத்தேன்னு சொன்னா, சரி நல்லாருக்கட்டும்னுட்டுப் படுக்கப் போய்டுவாரு.”

அவள் ரேடியோவை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

ராஜாளியின் குரல் குவாலா பிலாவைக் கூப்பிட்டது. அங்கிருந்து ஒரு மலாய்க்காரர் பாகாவைக் கூப்பிட்டார். பாகாவில் ஒரு சீனக் கிழவரின் குரல், இருமலோடு, அந்த எண்ணை இன்னும் தள்ளி யாருக்கோ மலாயில் சொன்னது. தீகா, லப்பான், சாத்து, துஜோ. ஒவ்வொரு குரலும் முந்தியதைவிட மெலிந்து வந்தது. கடைசியில் இரைச்சல் மட்டும்தான். அதற்கு அப்பாலும் அண்ணனைத் தேடி எண் போய்க்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. ஜெபமாலையை நிறுத்திவிட்டுப் பெண்கள் வாசற்படியில் வந்து நின்றார்கள். அத்தை ரேடியோவைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஒன்றரை மணிக்கு, போன வழியே பதில் திரும்பி வந்தது.

“தங்கச்சி, தெரியாங் பெட்ரோல் ஸ்டேஷன்ல புடிச்சிட்டாங்க. சீனரு ஒருத்தரு தான் ஓட்டிட்டு வந்த காடிய ரோட்டுக்குக் குறுக்கப் போட்டு லோரிய மறிச்சாராம். கெளம்பிட்டான்.”

நான்கு மணிக்குப் பாதர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூடியை எடுத்துவந்தார்கள். அத்தை அதன் குறுக்கே போய் நின்றுகொண்டாள். நான்கேகாலுக்கு, மரங்கள் ஏற்றியபடியே, செம்மண் ரோட்டில் லோரி வந்தது.

மைக்கல்ராஜ் இறங்கி யாரையும் பார்க்காமல் உள்ளே போனான். அப்பாவின் நெற்றியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். பாதர் புத்தகத்தைப் பிரித்தார்.

மரியகொரெட்டி அறைக்குள் போனாள். ரேடியோவில் யாரும் பேசவில்லை. காத்திருக்கிறார்கள்.

“மூணு எட்டு ஒண்ணு ஏழு வீட்டுக்கு வந்துருச்சு,” என்றாள்.

பிறகு விரலை எடுத்தாள்.