ஈரக் காலுறை என்ற பெயரில் வந்த நூலகம்

1

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. 'இளம் கட்டடக் கலைஞர்கள் ஏன் வடிவமைப்புப் போட்டிகளில் கலந்துகொள்கிறார்கள்?' என்று ஒரு பத்திரிகை கேட்டது. ஹெல்சிங்கியில் இத்தனை வருடமாக வரைபடங்களோடு மல்லுக்கட்டுகிறோமே, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். பெயர் கிடைக்கும், அனுபவம் கிடைக்கும், வாய்ப்பு கிடைக்கும் என்று எழுதிப் படித்துப் பார்த்தால் எனக்கே கொட்டாவி வந்தது. கிழித்துப் போட்டேன். [ஆசிரியர் மன்னிக்க.] அப்புறம்தான் சைமி ஞாபகத்துக்கு வந்தாள்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "பனி கொட்டும் ஒரு பிப்ரவரிக் காலையில், கனவுகளைச் சுமந்த கண்களோடு சைமி..."

வேண்டாம். அந்தக் கண்கள் எதையும் சுமக்கவில்லை. கழிப்பறைத் தடுப்புகளை வரைந்து வரைந்து சிவந்திருந்தன, அவ்வளவுதான்.

மறுபடியும்: சைமிக்கு இருபத்தெட்டு வயது. நான் வேலை பார்க்கும் அதே அலுவலகத்தில், ரிஸ்டோ என்ற முதலாளியிடம், தடுப்பும் படிக்கட்டுக் கைப்பிடியும் வரைகிறாள். முழுதாக ஒரு கட்டடத்தை அவளை நம்பி யாரும் கொடுக்கவில்லை. 'இதுவரை என்ன கட்டியிருக்கே?' என்பார்கள். ஒன்றும் கட்டாதவளுக்கு ஒன்றும் கிடைக்காது. இதை உடைக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி போட்டி. பின்லாந்தில் போட்டிக்கு அனுப்பும் வரைபடத்தில் பெயர் போடக் கூடாது, புனைபெயர்தான். உண்மைப் பெயர் ஒட்டிய உறைக்குள் கிடக்கும். பரிசு முடிவான பிறகே உறையைப் பிரிப்பார்கள். முதலாளியும் அவரிடம் சம்பளம் வாங்குகிறவளும் சமமாக நிற்கிற இடம் அது.

அவளும் கூட்டாளி ஏலிஸும் கலந்துகொண்ட அத்தனை போட்டியிலும் மண்ணைக் கவ்வியிருந்தார்கள். ஹர்மாலா என்ற சிற்றூருக்கு ஒரு நூலகம்: இதுதான் கடைசி என்று சைமி சொல்லிவிட்டாள். இதுவும் போனால் ஆயுசுக்கும் கைப்பிடிதான்.

3

நகராட்சி கொடுத்த படத்தில் மனை பச்சைப் பசேலென்று இருந்தது. விளையாட்டுத் திடல். அந்தப் பச்சையின் நடுவில் நூலகத்தை வைக்க யாருக்கும் கை தயங்காது. ஆனால் படம் கோடையில் எடுத்தது. சைமி பேருந்து பிடித்து நேரில் போனாள். திடலில் தண்ணீர் விட்டு உறையவைத்திருந்தார்கள். ஊர்ப் பிள்ளைகள் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். சிலர் பனிக்குவியலில் உட்கார்ந்து, விறைத்த விரல்களால் ஸ்கேட்ஸ் என்கிற கத்தி வைத்த சறுக்குக் காலணியின் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்தவள் நூலகத்தைத் திடலின் ஓரத்துக்குத் தள்ளி, ரயில் பெட்டி மாதிரி நீட்டினாள். அதோடு விட்டாளா?

"ஸ்கேட்ஸக் கழட்டாமலே உள்ள வரட்டும். தரை பூரா ரப்பர் போட்டுடலாம்."

"உனக்கு மறை கழண்டுடுச்சா?" என்றான் ஏலிஸ். "கத்தியக் கால்ல கட்டிக்கிட்டு லைப்ரரிக்குள்ளயா? நடுவருங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க."

"ஐஸ் அரங்கத்துல டிரெஸ் மாத்தற ரூம்ல அந்தத் தரைதானே போட்டிருக்கு? அங்க தாங்குது, இங்க தாங்காதா?"

"அங்க புஸ்தகம் இல்ல தாயே!"

"அதான்டா சொல்றேன். இங்க இருக்கு."

ஏலிஸ் பென்சிலைக் கையில் எடுத்தான். "சரி, தோக்கறதுதான் தோக்கறோம், சந்தோஷமா தோப்போம். புனைபெயர் என்ன?"

ஹர்மாலா பனியில் நனைந்த அவள் காலுறை, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல் காய்ந்துகொண்டிருந்தது. "ஈரக் காலுறை" என்றாள்.

4 (இடையில் ஒரு சந்தேகம்)

கதைக்கு ஒரு வில்லன் வேண்டாமா? "ரிஸ்டோ ஒருநாள் சைமியின் கணினியை ரகசியமாகத் திறந்து—"

இல்லை, மனசு வரவில்லை. தினமும் முதலில் வந்து எல்லோருக்கும் காப்பி போட்டு வைக்கிற மனுஷர் அவர். [அவரும் அதே போட்டிக்கு, பச்சையின் நடுவே வட்டமாக ஒரு நூலகம் அனுப்பியிருந்தார். அழகான வட்டம்தான்.]

சைமியைத் தோற்கடிக்கவும் எனக்குக் கை ஊறியது. கதையில் தோற்றவர்களுக்குத்தானே மரியாதை அதிகம்! இரண்டு பக்கம் எழுதினேன், படு சோகம். நடந்தது அதுவல்ல என்பதால் அடித்துவிட்டேன். ஜெயித்தவளை ஜெயித்தவளாக எழுத எனக்கு என்ன கேடு?

5

ஹர்மாலா பள்ளி அரங்கம். காப்பி, ஏலக்காய் ரொட்டி. நடுவர் குழுத் தலைவி எழுந்தார்.

"முதல் பரிசு, ஈரக் காலுறை."

சபை கொல்லென்று சிரித்தது.

"நாங்களும் இப்பிடித்தான் சிரிச்சோம்" என்றார் அவர். "ஸ்கேட்ஸோட லைப்ரரியான்னு. அப்புறம் பாத்தா, மத்த எல்லாப் படத்துலயும் பிள்ளைங்களோட ஐஸையே காணோம். அதுக்கப்புறம் எங்களுக்குச் சிரிப்பு வரல."

கைதட்டல் கூரையைத் தூக்கியது. பின்வரிசைப் பிள்ளைகள் நாற்காலிமேல் ஏறிவிட்டார்கள். உறையைப் பிரிக்கக் கத்தரிக்கோல் தேடினார்கள். மேசைமேல் வைத்ததைக் காணவில்லை.

பக்கத்திலிருந்த ரிஸ்டோ சைமியிடம் குனிந்தார். "யாரும்மா இந்த ஆளு? பெரிய கையா இருக்கணும். என்ன தைரியம் பாரேன்! வயித்தெரிச்சலா இருக்கு."

சைமி ஏலக்காய் ரொட்டியை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். வாயைத் திறந்தால் அலறிவிடுவாள். ஏலிஸ் அவள் கையை நசுக்கிக்கொண்டிருந்தான்.

6

முடிவு அ: நூலகம் எழுந்தது, பிள்ளைகள் ஸ்கேட்ஸோடு உள்ளே வந்தார்கள். முடிவு ஆ: நகராட்சி மனம் மாறி, படம் படமாகவே நின்றது. இரண்டும் இந்தத் தொழிலில் சகஜம். இரண்டையும் நான் எழுதப்போவதில்லை.

இன்னும் கொஞ்ச நேரத்தில் பெயரை வாசிப்பார்கள். ரிஸ்டோ துள்ளி எழுவார், கட்டிப்பிடிப்பார். அப்புறம் அவள் 'அந்தச் சின்னப் பொண்ணு', 'ரிஸ்டோகிட்ட இருந்தவ', எல்லாம்தான். இப்போது அவளுக்கு வயதில்லை, முதலாளி இல்லை. ஊரே எழுந்து நின்று கைதட்டுவது அவள் வரைந்ததற்கு மட்டும். பத்திரிகை கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான்.

கத்தரிக்கோல் உங்கள் பக்கம் எங்காவது கிடந்தால், வாசகரே, கொஞ்சம் மெதுவாகவே எடுத்துக் கொடுங்கள்.