இருபத்திரண்டு வருடத் தோல் வாசனை

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: ஓர் அட்டையை எழுதப் பயந்து இதை எழுதுகிறேன். ஒயின் நிறுவனத்தில் சுவைக் குறிப்பு எழுதுவது என் வேலை. இன்றோடு தகுதிகாண் காலம் முடிகிறது. மாலை விருந்தில் ஊற்றப்போகும் பழைய ஒயினுக்கான குறிப்பு அட்டை பன்னிரண்டுக்கு அச்சுக்குப் போக வேண்டும். மணி பதினொன்று பத்து.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'மாணிக்கச் சிவப்பில் மினுங்கிய அந்த...'

வேண்டாம். இருபத்திரண்டு வருடம் படுத்துக் கிடந்த பிரான்சின் போர்தோ பாணிச் சிவப்பு ஒயினில் மாணிக்கம் ஏது? கோப்பையைச் சாய்த்தால் விளிம்பில் செங்கல் நிறம்தான்.

இரண்டாம் முயற்சி: காலையில் தலைமைச் சுவைஞர் (எங்களுக்கு மூக்கர்) புட்டியைத் திறந்தார். அடியில் படிந்த மண்டி கலங்கிவிடாமல், விளக்கு வெளிச்சத்தில் புட்டியின் கழுத்தைப் பார்த்தபடியே ஊற்றினார். தூங்கும் குழந்தையைக் கிடத்துகிற பதவிசு. முகர்ந்தார்.

"தோல். பழைய, உயர்ந்த தோல். எழுதிக்கம்மா."

நானும் முகர்ந்தேன்.

3

இங்கே கதாநாயகியின் அப்பா வரவேண்டும். (கதாநாயகியாம். நான்தான்.) அவர் முப்பது வருடமாகத் தோல் பதனிடும் ஆலையில் இருக்கிறார். எங்கள் வீட்டின் முதல் பட்டம் என்னுடையது. பள்ளியில் மூக்கைப் பொத்திக்கொண்டு பெஞ்சு மாறியவர்கள் யாரும் அந்த வாசனையை உயர்ந்தது என்று சொன்னதில்லை.*

முதிர்ந்த நல்ல ஒயினில் பழ வாசனைக்குப் பின்னாலிருந்து தோல் மெல்ல எட்டிப் பார்க்கும். இதில் பழமே இல்லை. ஆலையில் சுண்ணாம்பில் போடும் முன் குவித்துவைத்த பச்சைத் தோல், ஈ மொய்க்கிற கட்டம். ஒயின் கெட்டுவிட்டது. அப்பாவுக்குப் போன் போட்டு விவரித்தேன்.

"அதை அலசிக் கழுவிட்டுத்தான் நாங்க மத்த வேலையே பார்ப்போம். நீங்க குடிக்கிறீங்களா?"

சிரித்து முடித்ததும், வேலை நிரந்தரமாகும்வரை வாயை மூடிக்கொண்டு இரு என்றார்.

*கோபம் தூக்கலாக இருந்தால் தாண்டிப் போங்கள். நான் நீக்கப்போவதில்லை.

4

முடிவு அ: ஒயின் கெட்டுவிட்டது என்று நான் சொல்கிறேன், மூக்கர் கண்கலங்கிப் பாராட்டுகிறார். (சினிமா.)

முடிவு ஆ: 'உயர்ந்த தோல்' என்றே எழுதுகிறேன், நிரந்தரமாகிறேன். விருந்தினர்கள் கெட்டதைக் குடித்துத் தலையாட்டுகிறார்கள். இதுதான் நடக்கும், அதுதான் எரிச்சல்.

முடிவு இ: அவரை எல்லோர் முன்னும் கிழித்துத் தொங்கப்போடுகிறேன்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. அதற்கு மூக்கர் வில்லனாக வேண்டும். முயன்றேன். ஆனால் இரண்டு மாதம் முன்பு காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்து அவர் திறந்த ஐந்து பழைய புட்டிகளுக்கும் தோல் என்றே சொல்லியிருக்கிறார். நேற்று தன் காப்பியில் அறையே நாறும் புளித்த பாலை ஊற்றிக் கலக்கி, ஒரு மடக்குக் குடித்தபிறகுதான் முகம் சுளித்தார். நாக்கு இருக்கிறது. மூக்கு போய்விட்டது. வெளியே தெரிந்தால் அவர் வேலையும்...

5

பதினொன்று ஐம்பது. மூக்கர் என் அறைக்கு வந்துவிட்டார். அட்டையைக் கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு அதே கோப்பையை என் பக்கம் நகர்த்தினார்.

"உனக்கு என்னம்மா வாசம் வருது? எனக்காகச் சொல்லாத. நிஜமா சொல்லு."

முடிவு இ-க்கு இனி வழியில்லை. பேனாவை இங்கே வைக்கிறேன், அட்டையில் ஒரே ஒரு வரிக்குத்தான் இடம். நீங்களே எழுதுங்கள். எதை வேண்டுமானாலும் எழுதுங்கள், ஆனால் அவர் என் தோளுக்கு மேலாகப் படித்துக்கொண்டிருக்கிறார்.